யந்திரத்தைக் கும்பிடுவதா? சோதித்துப் பார்ப்பதா?

(பவானியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் ஓட்டுப்போடும் யந்திரமும் அதன் நாணயமும் என்பதாகும். இது இன்ஜினீயர்களும் காலேஜ் பண்டிதர்களும் பேசவேண்டிய விஷயமாயிற்றே, இதில் உனக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. கோர்ட்டுத் தீர்ப்புகளையும், ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிவைத்திருப்பவைகளையும், தெரிந்தவர்களிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தவன். ஆனால் ஓட்டுப் போடுகிறவன், நீங்களும் போடுகிறீர்கள். கணக்கு எழுதுகிறவனுக்குக் கணக்கு புரிந்தால் போதும், கூலி வாங்குகிறவனுக்குப் புரியவேண்டியதில்லை என்று சொன்னால் இந்த ஊரில் எந்தத் தறிக்காரராவது ஒத்துக்கொள்ளுவாரா? அந்த யோக்கியதைதான் எனக்கும்.

தோழர்களே! இந்த யந்திரத்தைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர், "யந்திரம் தப்பே செய்யாது, அதைச் சந்தேகிப்பதே தேசத்துரோகம்" என்கிறார். மற்றவர், "அமெரிக்காவிலிருந்து ஒருவன் பட்டனைத் தட்டினால் பவானியில் ஓட்டு மாறிவிடும், எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது" என்கிறார். இவரிடம் "நீங்கள் பார்த்தீர்களா?" என்றால் பார்க்கவில்லை. அவரிடம் "உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா?" என்றால் அவருக்கும் தெரியாது. ஒருவர் அதைச் சாமியாக்கிவிட்டார், மற்றவர் பேயாக்கிவிட்டார். சாமியானாலும் பேயானாலும் கிட்டேபோய்ப் பார்க்காதவனுக்குத்தான் அவைகள் இருக்கும். நாம் கொஞ்சம் கிட்டேபோய்ப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பழைய சங்கதி. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. அந்தக் குடவோலையில் நம்முடைய பாட்டன் பேர் ஏறியிருக்காது. வரி செலுத்தும் நிலம் சொந்தமாக வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும், வேதம் படித்திருக்கவேண்டும். தறிக்காரனுக்கும் உழவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே என்ன வேலை? ஆகவே ஜனநாயகம் என்று அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சீட்டு எடுத்த முறையைப் பாருங்கள். எல்லா ஜனங்களும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறு பையனைக் கொண்டு ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். வாங்கியதை அவன் உரக்க வாசிக்கவேண்டும்; பிறகு அங்குள்ளவர்களும் வாசிக்கவேண்டும். ஐந்து விரலை ஏன் விரிக்கச் சொன்னான்? விரலை மடக்கினால் வேறு ஓலையை இடுக்கிவைத்துக்கொண்டு மாற்றிவிடுவான் என்று தெரிந்துதான். அங்கே கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பெரியவர், மகான் என்று சொல்லிக்கொண்டவர்கள். அப்படியிருந்தும் விரலை விரி என்றார்கள். 1,100 வருஷத்துக்கு முன் தங்களுக்குள்ளேயே நம்பாமல் சோதித்தவர்களின் நாட்டில், இன்று "சோதிக்காதே, நம்பு" என்று நமக்குச் சொல்லுகிறார்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

நிற்க. யந்திரம் ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். சீட்டுக் காலம் பொற்காலம் அல்ல. ரவுடிகள் பூத்துக்குள் நுழைந்து கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் போட்டதும், செல்லாத ஓட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்ததும் வடக்கே மட்டும் நடந்தவை அல்ல. நம் ஜில்லாவிலேயே மொடக்குறிச்சியை யார் மறக்கமுடியும்? 1996-ல் விவசாயிகள் தங்கள் குறையைக் கேட்பாரில்லை என்று கோபித்துக்கொண்டு ஆளாளுக்கு நாமினேஷன் போட்டதில் 1,033 அபேட்சகர்கள் நின்றார்கள். எலெக்ஷனைத் தள்ளிவைத்து, ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் விவசாயிகளின் குறையைத் தீர்த்ததோ இல்லையோ, சட்டசபைக்கு நிற்பவர் கட்டும் டிபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கிற்று! அப்போதைய யந்திரத்தில் 64 பேர்வரைதான் ஏற்றமுடியும் என்பதையும் இதோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

யந்திரம் முதன்முதலில் 1982-ல் கேரளத்துப் பரவூரில் 50 பூத்துகளில் வைக்கப்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பூத்துகளின் ஓட்டைச் செல்லாதாக்கிற்று. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கும், 2004-ல் பார்லிமெண்டுக்கும் முழுக்க யந்திரத்திலேயே ஓட்டு நடந்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள இரண்டு சர்க்கார் கம்பெனிகள் இதைச் செய்கின்றன. பேட்டரியில் ஓடும். இன்டர்நெட்டோடு சம்பந்தம் இல்லை. ஆகவே அமெரிக்காவிலிருந்து தட்டுகிறான் என்பது சுத்தப் புளுகு. நிமிஷத்துக்கு நாலைந்து ஓட்டுக்குமேல் ஏறாதபடி செய்திருப்பதால், பூத்தைப் பிடித்தவனும் கட்டுக் கட்டாகப் போடமுடியாது. இவைகளெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஒத்துக்கொள்ளுகிறேன்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. ஹைதராபாத்தில் தோழர் ஹரி பிரசாத் என்று ஒரு இன்ஜினீயர். 2009 செப்டம்பரில் எலெக்ஷன் கமிஷன் அவரையும் அவர் கூட்டாளிகளையும் டில்லிக்கு அழைத்து, யந்திரத்தில் குற்றம் இருந்தால் காட்டுங்கள் என்றது. அவர்கள் யந்திரத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தவுடனேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? உள்ளே இருப்பது தயாரிப்புக் கம்பெனியின் அறிவுச்சொத்தாம், அதைப் பிறர் பார்க்கக்கூடாதாம். தோழர்களே, பார்க்கக்கூடாது, படிக்கக்கூடாது, கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவோம் என்ற பேச்சை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

2010-ன் ஆரம்பத்தில், பேர் சொல்ல விரும்பாத ஒருவர் ஒரு யந்திரத்தை அவர் கையில் கொடுத்தார். ஹரி பிரசாத்தும் கூட்டாளிகளும், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸ் ஹால்டர்மன், ஹாலந்து தேசத்து ராப் கொங்கிரைப் என்பவர்களோடு சேர்ந்து அதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். இரண்டு வித்தைகளைச் செய்து காட்டினார்கள். எண்ணிக்கையைக் காட்டுகிற கண்ணாடிப் பலகையைப் போலவே அச்சாக ஒரு போலிப் பலகை செய்தார்கள். அதற்கடியில் ஒரு சின்னச் சில்லும், கைப்போனோடு பேசும் ஒரு கருவியும் ஒளித்துவைத்தார்கள். உள்ளே உள்ள கணக்கு எப்படியிருந்தாலும், போனில் எந்த அபேட்சகரைச் சொல்லுகிறோமோ அவர் ஜெயித்ததாக வெளியே காட்டும். இது ஒன்று. இரண்டாவது, துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற ஒரு சின்னச் சாமான். ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே, யந்திரத்தின் ஞாபகச் சில்லின்மேல் அதைக் கவ்வவைத்தால், உள்ளே பதிந்திருக்கும் ஓட்டையே மாற்றிவிடும். அன்றியும் எவன் எந்த வரிசையில் யாருக்குப் போட்டான் என்பதையும் அதைக்கொண்டு எடுத்துவிடலாம். பூத்தில் ஓட்டர்கள் வந்த வரிசையை எழுதிவைத்தவன் ஒருவன் இருந்தால், இரகசிய ஓட்டு அம்பலத்துக்கு வந்துவிடும்.

இதைச் சொன்னவுடன் கமிஷன் என்ன செய்திருக்கவேண்டும்? "பேஷ், இந்த ஓட்டையை அடைக்கிறோம், இன்னும் உண்டா பாருங்கள்" என்று சொல்லியிருக்கவேண்டும். பாங்கிக்காரனும் கம்ப்யூட்டர்க் கம்பெனிக்காரனும் தன் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லுகிறவனுக்கு இனாம் கொடுக்கிற காலம் இது. ஆனால் நடந்தது என்ன? 2010 ஆகஸ்டு 21-ந் தேதி மகாராஷ்டிரப் போலீஸ் ஹைதராபாத்துக்கு வந்து, யந்திரத்தைத் திருடின கேஸ் என்று ஹரி பிரசாத்தைக் கைதுசெய்து பம்பாய்க்குக் கொண்டுபோயிற்று. யார் கொடுத்தது சொல் என்றார்கள், அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஜாமீன். அந்த வருஷம் டிசம்பரில் ஹால்டர்மனும் கொங்கிரைப்பும் டில்லி விமான நிலையத்தில் இறங்கியபோது, உள்ளே விடாமல் நிறுத்திவைத்துப் பிறகுதான் விட்டார்கள். கமிஷனுடைய கிடங்குக் காவலில் இருக்கவேண்டிய யந்திரம் வெளியே எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை! திருட்டு என்றே வைத்துக்கொள்ளுவோம். கிடங்கிலிருந்து ஒரு யந்திரம் திருட்டுப் போகும் என்பதை இந்தக் கேஸே ஒப்புக்கொள்ளவில்லையா?

இதிலே ஒரு நியாயத்தையும் மறைக்கக்கூடாது. அவர்கள் காட்டியது யந்திரத்தைத் தொட்டுத் திறக்க முடிந்தவன் என்ன செய்யலாம் என்பதுதான். இன்ன எலெக்ஷனில் இன்ன இடத்தில் இப்படி நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கு ருஜு கிடையாது. அதற்குப் பிறகு புதிய மாதிரி யந்திரங்களும் வந்திருக்கின்றன. ருஜு இல்லாததை நடந்தது என்பவன் யாராயிருந்தாலும், அவன் நம் கட்சிக்காரனாயிருந்தாலும், அவனை நம்பாதீர்கள். 2017 ஜூனில் கமிஷன் "வந்து ஜெயித்துக் காட்டுங்கள்" என்று கட்சிகளைச் சவாலுக்கு அழைத்தபோது வந்தவை இரண்டே கட்சிகள். அவைகளும் வேடிக்கைதான் பார்த்தன. ஊர் ஊராக "மோசம், மோசம்" என்று கத்தியவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள்? ஆனால் அந்தச் சவாலும் எப்படிப்பட்டது? உள்ளே உள்ள பலகையை மாற்றக்கூடாது என்பது நிபந்தனை. பூட்டைத் தொடாமல் பூட்டைத் திறந்து காட்டு என்றால் அது எந்த ஊர்ப் பந்தயம்?

இங்கே ஒரு பழைய சாஸ்திரத்தைச் சொல்லவேண்டும். 1883-ல் பாரிஸில் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற பாஷை வாத்தியார் ஒருவர் பட்டாளத்துக்கு இரகசியக் கடிதம் எழுதும் முறையைப் பற்றி ஒரு வியாசம் எழுதினார். அவர் சொன்னது இதுதான்: உன்னுடைய முறை எதிரியின் கையில் சிக்கினாலும் உனக்கு நஷ்டம் வரக்கூடாது, சாவி மட்டும் இரகசியமாயிருந்தால் போதும். இன்றைக்கு உலகத்தில் உள்ள பாங்கி, போன் முதலானவைகளின் இரகசியம் இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் நிற்கிறது. நமக்குத் தெரிந்த திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது பட்டறைத் தெருவுக்கே தெரியும். தெரிந்ததனால் பூட்டு திறந்துகொள்ளுவதில்லை. சாவி உங்கள் மடியில் இருக்கிறது. "என் பூட்டுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அதுதான் பத்திரம்" என்று ஒரு பூட்டு வியாபாரி சொன்னால், பூட்டு மட்டம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹாலந்தில் இதே கொங்கிரைப்பும் நண்பர்களும் 2006-ல் அந்த நாட்டு யந்திரத்தைத் திறந்து டெலிவிஷனில் காட்டினார்கள். அவரை ஜெயிலில் போடவில்லை. யந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 2008-ல் காகிதத்துக்கும் பென்சிலுக்கும் திரும்பினார்கள். ஜெர்மனியில் தகப்பனும் மகனுமாக இரண்டு பேர் வியாஜ்யம் போட்டார்கள். 2009 மார்ச்சு 3-ந் தேதி அந்த நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. மோசடி நடந்ததாக ருஜு இல்லை, ஆகவே 2005-ல் நடந்த எலெக்ஷன் செல்லும். ஆனால் விசேஷப் படிப்பு இல்லாத சாதாரணப் பிரஜை, ஓட்டு எண்ணப்பட்ட விதத்தைத் தானே சரிபார்க்க முடியவேண்டும். அதற்கு இடம் தராத இந்த யந்திர முறை செல்லாது என்றது. சாதாரணப் பிரஜை என்றால் யார்? நீங்களும் நானும்தான். நிபுணர் கமிட்டி பார்த்துவிட்டது, ஆகவே நீ சும்மாயிரு என்று அங்கே சொல்லமுடியவில்லை. நிபுணர் என்பவர் புதிய குருக்கள் ஆகிவிடக்கூடாது.

நம் நாட்டில் 2013 அக்டோபர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, காகித அத்தாட்சி இல்லாமல் நேர்மையான எலெக்ஷன் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பலன்தான் இப்போது பூத்தில் நீங்கள் பார்க்கும் விவிபேட் பெட்டி. பட்டனை அழுத்தினால் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு 7 வினாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் இதன் தத்துவத்தை அழகாகச் சொல்லுகிறார்கள். ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற பெரிய கணக்குக்காரர் சொன்னது: யந்திரத்துக்குள் கண்டுபிடிக்கப்படாத பிசகு ஒன்று இருந்தாலும், அதனால் முடிவு மாறினால் அது வெளியே தெரிந்தே தீரவேண்டும். நம் பவானித் தொழிலில் இது இருக்கிறது. ஜமக்காளம் நெய்ய நூல் கொடுக்கிறவர் எடை போட்டுக் கொடுக்கிறார். நெய்து வந்ததை எடை போட்டு வாங்குகிறார். கணக்கு அவர் நோட்டில் இருக்கிறது. தறிக்காரர் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. இரண்டும் ஒத்தால் சரி. ஒத்துப்போகாவிட்டால் தராசு இருக்கவே இருக்கிறது. இரண்டு நோட்டையும் ஒருவரே எழுதி, தராசையும் பூட்டி வைத்துக்கொண்டால்?

ஆகவே சீட்டு இருந்தால் மட்டும் போதாது; சீட்டை எண்ணவேண்டும். இங்கேதான் வழுக்குகிறது. முதலில் ஒரு சட்டசபைத் தொகுதிக்கு ஒரு பூத்துச் சீட்டை எண்ணினார்கள். பாதியாவது எண்ணுங்கள் என்று 21 எதிர்க்கட்சிகள் போனபோது, 2019 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஐந்து பூத்தாக்கிற்று. ஐந்து போதுமா? ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போகிறவர்கள் சொல்லட்டும். 300 மூட்டை வந்திருக்கிறது. அதில் 10 மூட்டையில் கலப்படம். எந்த மூட்டை என்று தெரியாது. நீங்கள் சீட்டுக் குலுக்கி 5 மூட்டையை மட்டும் குத்திப் பார்க்கிறீர்கள். கணக்குப் போட்டால், 100 தடவையில் ஏறக்குறைய 84 தடவை உங்கள் கையில் நல்ல மஞ்சள்தான் வரும், கலப்படக்காரன் தப்பிவிடுவான். 30 மூட்டையைக் குத்தினால் 34 தடவைதான் தப்புவான். ராஜ்யம் முழுவதும் மோசம் செய்கிறவனை 234 தொகுதியில் தலைக்கு ஐந்து பார்த்தால் பிடித்துவிடலாம் என்பது வாஸ்தவம். ஆனால் நூறு இருநூறு ஓட்டில் ஜெயதோல்வி நிற்கும் ஒரு தொகுதியில் பத்துப் பூத்திலே பிசகு நேர்ந்தால், ஐந்து போதாது.

இதற்கும் கணக்கு இருக்கிறது. பெர்க்லியில் உள்ள பிலிப் ஸ்டார்க் என்ற புள்ளிவிவரப் பேராசிரியர் ஒரு முறை வகுத்தார். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் அதிகமாயிருந்தால் கொஞ்சம் சீட்டு எண்ணினால் போதும். வித்தியாசம் குறையக் குறைய அதிகம் எண்ணிக்கொண்டே போகவேண்டும். சந்தேகம் தீராவிட்டால் முழுக்க எண்ணிவிடவேண்டும். அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யம் 2017 முதல் இதை ராஜ்யம் முழுவதும் செய்கிறது. எல்லா இடத்திலும் முழுக்க எண்ணினால் நேரமாகும் என்கிற சமாதானத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

2024 ஏப்ரல் 26-ல் சுப்ரீம் கோர்ட்டு, பழைய காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சொன்னதையும், எல்லாச் சீட்டையும் எண்ணச் சொன்னதையும் நிராகரித்தது. ஆனால் இரண்டு காரியம் செய்தது. விவிபேட்டில் சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் பாதுகாக்கச் சொன்னது. இரண்டாவது மூன்றாவது வந்த அபேட்சகர்கள், முடிவு தெரிந்த 7 நாளுக்குள் கேட்டுப் பணம் கட்டினால், 100-க்கு 5 யந்திரத்தின் சில்லைச் சோதிக்கலாம் என்றது. மோசம் ருஜுவானால் பணம் திரும்ப வரும். கதவு கொஞ்சம் திறந்தது. அதே வருஷம் டிசம்பரில் சர்க்கார் விதி 93-ஐத் திருத்தி, கேமராப் படம் முதலான பதிவுகளைப் பொதுஜனங்கள் கேட்டுப் பார்க்கும் வழியைச் சுருக்கிவிட்டது. அங்கே திறந்து இங்கே சாத்துவது!

பிசகு என்றால் எப்போதும் சதிதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஹரியானாவில் பானிபட் ஜில்லா புவானா லாகு என்ற கிராமத்தில் 2022 நவம்பரில் பஞ்சாயத்துத் தலைவர் எலெக்ஷன் நடந்தது. ஒரு பூத்துக் கணக்கை உத்தியோகஸ்தர் மாற்றிப் போட்டுவிட்டதாகத் தகராறு. மூன்று வருஷம் கோர்ட்டு ஏறி இறங்கி, 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டுக் கட்டிடத்துக்குள்ளேயே யந்திரங்களைக் கொண்டுவந்து எண்ணினார்கள். தோற்றவர் என்று சொல்லப்பட்டவர் 51 ஓட்டில் ஜெயித்திருந்தார்! யந்திரம் சரியாய்த்தான் எண்ணியிருந்தது. பேனா பிடித்த கை தப்பிற்று. திரும்ப எண்ண இடம் இருந்ததனால் உண்மை வந்தது. அதற்குள் பதவிக் காலத்தில் பாதிக்குமேல் போய்விட்டது என்பது வேறு சங்கதி.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அது உங்களுக்கு இதையெல்லாம்விட நெருக்கமானது. கிராமத்திலிருந்து வந்திருப்பவர்கள், முக்கியமாகக் காலனியிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களும் தோழர்களும், கவனித்துக் கேட்கவேண்டும்.

சீட்டு இருந்த காலத்தில், பல பூத்துகளின் சீட்டை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ண 59ஏ என்ற விதி இடம் கொடுத்தது. கலந்துவிட்டால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும்? யந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு யந்திரத்தையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். பூத்துவாரியாகக் கணக்கு வெளியே வருகிறது. பட்டணத்தில் ஒரு பூத்து என்றால் பலதரப்பட்ட ஜனங்கள். கிராமத்தில் ஒரு பூத்து என்றால் இரண்டு தெரு, அல்லது ஒரு காலனி. உங்கள் பேர் இரகசியம்தான். உங்கள் தெருவின் பேர் இரகசியமில்லை! "உங்கள் தெருவில் 400 ஓட்டு, எனக்கு விழுந்தது 30, தண்ணீர்க் குழாய்க்கு என்னிடம் ஏன் வருகிறீர்கள்?" என்று ஒருவன் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டால் என்ன பதில் சொல்லுவீர்கள்? கற்பனை பண்ணிச் சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் மத்திய மந்திரியாயிருந்த மேனகா காந்தி மேடையிலேயே சொன்னார்: 100-க்கு 80 ஓட்டுப் போட்ட கிராமம் ஏ, 60 போட்டது பி, 50 போட்டது சி, அதற்குக் கீழே டி, வேலைகள் அந்த வரிசையில்தான் நடக்கும் என்றார். கமிஷன் அவரைக் கண்டித்தது. சொன்னவரைக் கண்டித்தாயிற்று; சொல்லாமல் செய்கிறவனை யார் கண்டிப்பது?

ஒரு மனிதன் தனியாகத் தைரியமாயிருக்கலாம். கூலியும் தண்ணீரும் பாதையும் மேலத் தெருவின் தயவில் இருக்கும் ஒரு காலனி, கூட்டமாக ஒரு பக்கம் ஓட்டுப் போட்டதென்று எண்ணிக்கையோடு தெரிந்துவிட்டால், மறுநாள் தோட்டத்து வேலைக்குக் கூப்பிடுவார்களா என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

இதற்கு மருந்தும் இருக்கிறது. டோட்டலைசர் என்ற ஒரு கருவி. 14 யந்திரங்களை ஒன்றாகக் கோத்து, மொத்தத் தொகையை மட்டும் காட்டும். தனித்தனி பூத்தைக் காட்டாது. 2008-லேயே எலெக்ஷன் கமிஷன் இதைச் சர்க்காருக்கு எழுதிற்று. இந்த விஷயத்தில் கமிஷனைப் பாராட்டத்தான் வேண்டும். 2015 மார்ச்சில் சட்டக் கமிஷன் தனது 255-வது ரிப்போர்ட்டில் வேண்டும் என்றது. மத்திய சர்க்கார் வேண்டாம் என்றது. பூத்துக் கணக்கு தெரிந்தால்தான் கட்சிகள் எங்கே வேலை செய்யவேண்டும் என்று அறியமுடியும் என்பது காரணமாம். அதாவது, கட்சிக்காரனுக்குப் புள்ளிவிவரம் வேண்டும். அதற்காகக் காலனிக்காரன் அம்மணமாக நிற்கவேண்டும். இதில் எந்தக் கட்சியும் பெரிதாகச் சத்தம் போடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யந்திரத்தில் மோசம் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களிலும் எத்தனை பேர் இதைப் பற்றிப் பேசினார்கள்?

சிலர் கேட்பார்கள்: பூத்துவாரியாக எண்ணினால்தானே 17சி கணக்கோடு ஒத்துப்பார்க்க முடியும், கலந்துவிட்டால் எப்படிச் சோதிப்பது என்று. நல்ல கேள்விதான். பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதை 17சி-யில் பூத்துவாரியாகவே ஒத்துப்பார்க்கலாம். அதன் முதல் பாகத்தில் யாருக்கு எவ்வளவு என்பது இல்லை. சீட்டைச் சோதிக்கும் பூத்துகளையும் தொகுப்பாக எடுத்துக்கொள்ளலாம். இரகசியமும் வேண்டும், சோதனையும் வேண்டும் என்பதற்காகவே ஆராய்ச்சிக்காரர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடு என்று சொல்லுகிறவன் வேலை செய்யச் சோம்பல்பட்டவன்.

கடைசியாக, நம் கையில் இப்போதே இருக்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு ஆரம்பிப்பதற்கு ஒன்றரை மணிக்கு முன்னால் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டு நடத்தவேண்டும். 50 ஓட்டாவது போட்டு, யந்திரக் கணக்கையும் சீட்டையும் ஒத்துப்பார்த்து, பிறகு அழித்துக் காட்டவேண்டும். விடியற்காலையில் எழுந்திருக்கச் சோம்பி, ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டு வருகிற ஏஜெண்டுக்கு அழித்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? முத்திரைக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் உரிமை ஏஜெண்டுக்கு உண்டு. அதன் நம்பரை எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். ஓட்டு முடிந்தவுடன் 17சி படிவத்தின் நகலை ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் கொடுக்கவேண்டும் என்பது விதி. பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதென்று அதை வாங்காமல் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை நாளன்று யந்திரத்தின் நம்பர், முத்திரையின் நம்பர், மொத்த ஓட்டு மூன்றும் உங்கள் கையிலுள்ள காகிதத்தோடு ஒத்தாலொழிய மேஜையை விட்டு நகரக்கூடாது.

கிராமப் பஞ்சாயத்து எலெக்ஷனில் 2019-லும் நீங்கள் வெள்ளை, ரோஸ், பச்சை, மஞ்சள் என்று நான்கு வர்ணக் காகிதத்தில்தான் ஓட்டுப் போட்டீர்கள். ஆகையால் காகிதத்தை எண்ணத் தெரிந்த உத்தியோகஸ்தர்கள் இந்த ராஜ்யத்தில் இல்லை என்ற சாக்கு யாருக்கும் கிடையாது.

 நான் சொன்ன தேதிகளையும் தீர்ப்புகளையும் படித்துப் பாருங்கள். பிசகு இருந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள், பிரசுரிக்கச் சொல்லுகிறேன். இப்போது கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. எழுந்து கேட்கக் கூச்சப்படுகிற தாய்மார்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், பேர் எழுதவேண்டியதில்லை.